தப்புப் பக்கம் வளைந்த ஸ்பேனர்

மார்ச் 4, செவ்வாய்

கார் நின்றுவிட்டதை மகள் என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னாள். செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் காது இருக்கிறது. எஞ்சினிலிருந்து கூலண்ட் ஒழுகுகிறதாம். கொஞ்ச தூரம் ஓட்டினாலே கொதிக்கிறதாம்.

பொறியியல் படிக்க வைத்தேன். டாக்சி ஓட்டுகிறாள். அதைப் பற்றி இந்த டைரியில் எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

மார்ச் 5, புதன்

எஞ்சினின் முதுகுப் பக்கம் ஒரு பைப் வந்து சேர்கிறது. அந்த இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் கை போக இடமில்லை, எஞ்சினையே இறக்க வேண்டும், அடுத்த வாரக் கடைசிக்கு முன்னால் முடியாது என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்லிவிட்டார்.

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவளுக்கு நிரந்தர வேலை. திங்கட்கிழமை காலை வண்டி வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம்.

"ஒரு ரப்பர் வளையத்துக்கா எஞ்சினை இறக்கணும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"நான் அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்."

சரி.

மார்ச் 6, வியாழன்

அவள் வெளியே போனதும் பானட்டைத் திறந்து பார்த்தேன். அந்த பைப்பைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட். மேல் போல்ட் ஒரே திருகில் இளகிவிட்டது. கீழ் போல்ட்டுக்குக் கை போகிறது, ஸ்பேனர் போகிறது, இரண்டும் சேர்ந்து போகவில்லை. தட்டுத் தடுமாறி மாட்டினாலும் திருப்ப முடியாது, பிரேக் பைப்பில் இடிக்கிறது.

இந்த எஞ்சினை வரைந்தவன் யார்? இந்த ரகம் எனக்குத் தெரியும். கையில் கிரீஸ் படாமலே மேலே போகிறவர்கள். கல்லூரியில் என்னிடம் படித்தவனே துறைத்தலைவராகி என் அறையைப் பிடுங்கிக்கொள்ளவில்லையா? முதல் வேலையாக என் மேஜையை வராந்தாவில் போட்டான்.

போகட்டும். குட்டையாக, வளைந்து, வாய் மெலிந்த ஸ்பேனர் ஒன்று வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்காது. செய்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 7, வெள்ளி

மனைவியின் கைக்கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் செருகி, அதில் தெரிந்ததைப் பார்த்து வளைவுகளை வரைந்துகொண்டேன். ஒன்று மேல்நோக்கி, இன்னொன்று பக்கவாட்டில். கல்லூரியில் வரைகலை சொல்லிக்கொடுத்தவன் கை, கோடு சுத்தமாக வந்தது.

முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்பேனர் செட்டை எடுத்தேன். பன்னிரண்டாம் நம்பர். வைஸ் இடுக்கியில் வைத்து அறுக்கும்போது மனைவி வந்து நின்றாள்.

"என்னை இதைத் தொடக்கூட விடமாட்டீங்க. இப்ப நீங்களே அறுக்கறீங்க!"

வளைக்க நெருப்பு வேண்டும். நெருப்பு இருப்பது அவள் தம்பியிடம். ஏசி மெக்கானிக், செம்புக் குழாய் பற்றவைக்கிற கேஸ் டார்ச் வைத்திருக்கிறான். என் டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிப்போய், ஒயரைக் கருக்கி, திருப்பியும் தராமல், "பழசுதானே அத்தான்" என்றவன். அன்றோடு பேச்சு நின்றது.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவன்கிட்ட போறது?"

"இருக்கிற முகத்தோடதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

போனேன்.

"வாங்க அத்தான். வழி ஞாபகம் இருந்துச்சா?"

"டார்ச் வேணும்."

"எடுத்துட்டுப் போறீங்களா?"

"இங்கயே போதும். நான் இரவல் வாங்கினா ஒழுங்கா திருப்பித் தர்றவன், ஆனாலும் வேணாம்."

சிரித்தான். அவன் சிரித்திருக்கக் கூடாது.

அவன் காய்ச்ச, நான் வளைத்தேன். சிவந்த இரும்பைத் தண்ணீர் வாளியில் முக்கப் போனவனைக் கத்தி நிறுத்தினேன். "அதுல போட்டா பிஸ்கட் மாதிரி உடையும். தானா ஆறட்டும்."

"சரிங்க சார்" என்றான், வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன் போல.

ஆறும்வரை எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். டீ வரவழைத்தான். குடித்தேன். வேறென்ன செய்வது?

மாலை: சேரவில்லை. பக்கவாட்டு வளைவு தப்புப் பக்கம் போயிருக்கிறது. கண்ணாடி! கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியுமே— ஒரே வளைவு என்றால் புரட்டிப் போட்டிருக்கலாம். இரண்டு இருக்கிறதே. எப்படிப் புரட்டினாலும் ஒன்று சரியாகும், மற்றது கெடும்.

ஸ்பேனரைத் தரையில் வீசினேன். கேட்டருகே மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"அப்பா, போதும். விடுங்க."

"எதையும் விடாத ஆளுன்னு உங்கம்மா சொல்லுவாளே. இதை மட்டும் எப்படி விடறது?"

அவள் முகம் சிரிக்கப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டது.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை நாளில் எனக்காக மைத்துனன் கடையைத் திறந்தான். நடந்ததைச் சொன்னதும் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன் அத்தான், எஞ்சினுக்குப் பவுடர் போடவா கண்ணாடி பாத்தீங்க?"

அவன் கடைத் தரையில் கிடந்த துண்டுச் செம்புக் குழாயைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அவனும் என் பொருட்களை அப்படித்தானே எடுப்பான்! வீட்டுக்கு வந்து அதை எஞ்சின் இடுக்கில் விட்டேன். மெல்லிய செம்பு, இடம் போகிற போக்கில் வளைந்துகொடுத்தது. வெளியே எடுத்தால் எனக்கு வேண்டிய வடிவம் அப்படியே கையில். கண்ணாடியும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம்.

திரும்பப் போய் ஒரு முனை பதினொன்றும் மறுமுனை பன்னிரண்டுமான இன்னொரு ஸ்பேனரைப் பலிகொடுத்தேன். காய்ச்சி, வளைத்து, ஆறவிட்டு, வாயைக் கிரைண்டரில் மெலிதாக்கினோம். அவனும் கூடவே வீட்டுக்கு வந்து டார்ச் லைட் பிடித்தான்.

போல்ட் 'கறக்' என்றது. இவ்வளவு நல்ல சத்தத்தைக் கேட்டு நாளாயிற்று.

பழைய வளையத்தை எடுக்க முடியாதபடி என் விரல்கள் தடிமன். மகள் குனிந்து, கையை உள்ளே விட்டு, அதை எடுத்துவிட்டு, தடவித் தடவியே புதியதைப் போட்டாள். போல்ட்டை முடுக்கி, கூலண்ட் ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டுக் கீழே அட்டை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

மார்ச் 10, திங்கள்

விடிவதற்குள் வண்டி போய்விட்டது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

மார்ச் 22, சனி

தப்பாக வளைந்த ஸ்பேனரைக் காணோம்.

"தம்பி கேட்டான், கொடுத்தேன். ஒண்ணுக்கும் ஆகாததுக்குமா பூட்டு போடறீங்க?" என்கிறாள் மனைவி.

என்னைக் கேட்கவேண்டாமா? பழைய புத்தி போகுமா இவனுக்கு! டிரில்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்று வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு வேனின் மூக்குக்குள் பாதி உடம்பு புதைந்து கிடந்தான்.

"அத்தான், சரியான நேரத்துக்கு வந்தீங்க. இங்க பாருங்க."

ஏசி கம்ப்ரெசரின் அடி போல்ட். அதன்மேல் என் ஸ்பேனர், இதற்கென்றே பிறந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

"இந்த ஒரு போல்ட்டுக்காக எத்தனை தடவை ரேடியேட்டரைக் கழட்டியிருக்கேன் தெரியுமா? நீங்க தப்பு பண்ணினாக்கூட இவ்ளோ கரெக்டா பண்றீங்களே!"

அடுக்கிக்கொண்டு போனதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "வாய் இன்னும் கொஞ்சம் மெலியணும். கொண்டா" என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மைத்துனனிடமிருந்து என் டிரில்லிங் மெஷின் வந்து சேர்ந்தது, புது ஒயரோடு. கூடவே, கையெட்டாத போல்ட்டுகளின் அளவெடுத்து வளைத்த செம்புத் துண்டுகள் ஒரு பை நிறைய. அறுப்பதற்கென்றே பழைய ஸ்பேனர்கள் வாங்கி வைத்திருக்கிறேன்.

மாலை மகள் வந்தாள். அவள் அம்மா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி, பின்பக்கம், வைஸ் அருகே வந்து நின்றாள்.

"அப்பா, பிரேக் போட்டா முன்னாடி ஏதோ சத்தம் வருது."

கிரைண்டரை நிறுத்தினேன்.

"எந்தப் பக்கம்?"