ஸ்டெல்லா கையை நீட்டினாள்

செவ்வாய், இரவு.

என் மகள் ஸ்டெல்லாவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதால் தெருவுக்கே அவள் தெய்வக் குழந்தையாம். இருபத்தாறு வயதுப் பெண் அவள். என் கொழுந்தன் கடலுக்குப் போகும்போதெல்லாம் அவள் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வான். பிடிக்காவிட்டால் உள்ளங்கையை நீட்டி ‘வேணாம்’ என்று சொல்லக் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கினேன். நேற்று அவனிடமே சொல்லிவிட்டாள். இன்று அவன் வலை காலி.

“சாமி மாதிரி இருந்த பொண்ண கெடுத்துட்டியே அண்ணி! நாளிக்கி ஒழுங்கா கை வெக்கச் சொல்லு!” என்று வாசலில் நின்று கத்தினான்.

அவன் போனதும் என் புருஷன், “வெச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றார்.

கண்ணாடியை விட்டுவிட்டு, அவர் எதிரிலேயே ஸ்டெல்லாவை நிறுத்தி, ‘வேணாம்’ என்று இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.