வாசல் கிரில் பூட்டு

அன்பு மகளுக்கு,

நான் போன பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று தனியாக எழுதி வைக்கச் சொன்னார் வக்கீல். உயில் மட்டும் போதாதாம். அதை நிறைவேற்றப் போகிறவள் நீதான். எழுதியதைப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள் என்றார். நான் இப்போதே தபாலில் போடுகிறேன்.

வீட்டு கிராண்ட் பத்திரம் என் அலமாரியில், கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. அப்பாவை எரித்த இடத்திலேயே என்னையும் எரித்துவிடு. சாம்பலை இங்கே பாசிர் கூடாங் கடலிலேயே கரைக்கலாம். கரையில் நின்றால் உன் சிங்கப்பூர் தெரியும்.

வாசல் கிரில் பூட்டுதான் சிக்கல். சாவியை முழுவதும் நுழைத்து, கொஞ்சம் வெளியே இழுத்து, கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். எழுதினால் புரியாது. ஒருநாள் வந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே திறந்து பழகிக்கொள். மதியமாக வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

"பாலத்துல ஒரே ஜாம், அம்மா. அடுத்த மாசம் பாக்கலாம்" என்பாய். எந்த மாதம் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. பூட்டுக்காகத்தான் சொல்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அர்ச்சுனன் புதுப் பூட்டே வாங்கி வந்துவிட்டான். "பழசாயிருச்சு ஆண்ட்டி, மாத்திடலாம்லா. சின்ன வேலதான்" என்றான்.

வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இதுவும் சரியாகிவிட்டால் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?

உன்
அம்மா