பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டீசல் குழாய்

டீசல் நாற்றம் விரல்களை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டாயிற்று. மண் போட்டுத் தேய்த்தாயிற்று. நகத்தடியில் இருக்கிறது. மேசைமேல் ஒரு சாண் ரப்பர் குழாய். அதன்மேல் நீ ஒட்டிய பச்சை வட்டம், ‘ஓகே’ என்று.

உன் அப்பாவின் பழைய ஜீப், வாலாஜாபாத் பக்கம் உங்கள் மாதா கோயில் சுவரோரம் நிற்கும். சமதரையில் ஓடும். ஏரிக்கரை ஏற்றத்தில் பாதியில் இழுவை செத்து நின்றுவிடும். அதைக் கரையேற்றாமல் விடுவதில்லை என்று கிளம்பினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வந்தேன்.

ஒரகடம் கார் கம்பெனியில் நாம் இருவரும் ஒரே லைனின் கடைசி முனை, செக்கிங். வண்டி நம் முன்னால் வந்து நிற்கும். பார்ப்போம், பச்சை ஸ்டிக்கர், அடுத்தது. ஜீப்பையும் அப்படித்தான் பார்த்தோம். நிறுத்திவைத்து, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்து. ஃபில்டர் மாற்றினோம், ஒட்டினாய். ஏர் கிளீனரைக் கழுவினோம், ஒட்டினாய். இன்ஜெக்டர்கள் கடைக்குப் போய் வந்தன. டீசல் குழாயை விரலால் அழுத்திப் பார்த்தாய். வெடிப்பில்லை, கசிவில்லை.

"இதுக்கு இன்னா கொறச்சல்? கல்லு மாரி கீது."

பானெட்டுக்குள் பச்சை வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. வண்டி ஏறவில்லை.

அப்போதுதான் கேன்டீன் மாடிப்படியில் நீ நடுவில் நிற்கத் தொடங்கினாய். கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, போனைப் பார்ப்பதுபோல. கம்பெனி மெடிக்கல் ரூமில் உன்னைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். வெளியே வந்து பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாய்.

"பாஸாயிட்டேன்டி. டிஸ்பாட்ச் பண்ணிடலாம்."

"சிரிக்காதடி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. நான் லீவு போடறேன்."

"மொதல்ல எங்கண்ணன் கரையேறட்டும். அப்பால நான்." ஜீப்பை அண்ணன் என்பாய்.

அடுத்த வாரமும் கேட்டேன். "உனுக்கு நம்ம சூப்பர்வைசரே தேவலடி," என்றாய்.

ஷிஃப்ட் முடிந்த பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாய். உன் ஊரில் எல்லோரும் இறங்கினார்கள். தூங்குகிறாய் என்று டிரைவர் எழுப்பினார். நீ எழவில்லை.

இன்று காலை உன் அப்பா போன் செய்தார். "ஜீப்ப எடுக்க காயலாங்கடக்காரன் நாளைக்கு வரான்மா. அவ ஒட்டனதெல்லாம் அப்டியே கீது. வேணும்னா எடுத்துக்கோ."

ஸ்டிக்கர்களை உரிக்கத்தான் போனேன். உரிக்கவில்லை. ஒரு கேனில் டீசல் ஊற்றி பானெட்மேல் கட்டினேன். டேங்க்கையும் பழைய குழாயையும் விட்டுவிட்டு, புதுக் குழாய் ஒன்றை நேராகப் பம்புக்குக் கொடுத்தேன். நாம் ஏன் இதைச் செய்யவில்லை? நின்ற இடத்தில் அது எப்போதும் நன்றாகத்தான் ஓடியது.

ஏறியது. இரண்டாம் கியரில், திணறாமல். கரைமேல் நிறுத்தினேன். ஏரி முக்கால் வற்றியிருந்தது. கீழே உன் அப்பா கையைக் கண்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹாரன் அடிக்கவில்லை.

இறங்கி வந்து பழைய குழாயைக் கழற்றிப் பிளேடால் பிளந்தேன். வெளியே கல் மாதிரி. உள்ளே ரப்பர் உரிந்து, உப்பி, ஊசி நுழையும் அளவுக்கு வழி. சும்மா நிற்கும்போது அது போதும். ஏற்றத்தில் போதாது.

"நல்லா ஏறுதுப்பா. வச்சிக்கலாமே."

உன் அப்பா குழாயை வாங்கி உள்ளே பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இன்னாத்துக்கும்மா."

குழாயை வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைக்கிறேன். நாளை காலை ஷிஃப்ட். வண்டி வந்து நிற்கும். பார்ப்பேன், ஒட்டுவேன். கேன்டீன் படியில் யாராவது நடுவில் நின்று போனைப் பார்த்தால் நானும் நின்றுவிடுகிறேன். அவர்கள் போனைத்தான் பார்க்கிறார்கள்.