சீலனின் கடைசிச் சொல்

நவம்பர், ஞாயிறு.

புலம்பெயர்ந்த ஊரில், மோர்னிங்சைட் மண்டபத்து மாவீரர் நினைவுக் கூட்டத்தில், போரில் இறந்த சீலனின் படத்துக்கு அவன் தங்கை சுகந்தி விளக்கேற்றினாள். பிறகு ரவி மேடையேறி, படகுகளில் போய்க் கரையிறங்கிய அந்தச் சண்டையில், குண்டுபட்ட சீலனைக் கடலிலிருந்து தூக்கி வந்தது தான்தான் என்றான். தூக்கியவன் நான். ரவி அன்று பின்தளத்தில் இருந்தவன். போன கிழமை, வேலைக்குப் போகும் வழியில், என் காருக்குள் வைத்து நானே அவனுக்குச் சொன்ன கதை அது. வேறு ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

மேடையால் இறங்கி, கூசாமல் சுகந்தியிடமும் சொன்னான்: "தங்கச்சி, கடைசியா உம்மட பேரைத்தான் சொன்னவன்."

சுகந்தி என்னிடம் வந்தாள். "அண்ணை, நீங்களும் அங்க நிண்டனீங்கள்தானே. உண்மையோ?"

அன்று நான் தூக்கியபோது சீலனின் வாய் நிறைய மணல். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"ஓம் பிள்ளை, என்ர காதால கேட்டனான்" என்றேன்.

இனி ரவியைப் பொய்யன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.