படிக்கட்டுப் பையனுக்கு ஒரு விளக்கு

அன்புள்ள தங்கைக்கு,

இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. நீங்கள் கணினியில் செய்யும் அனிமேஷன் படத்தில் ஒரு தவறு இருக்கிறது. அடுத்த மாதம் படத்தை முடித்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகு யாரும் அதில் கை வைக்க முடியாது.

நீ உன் அண்ணிக்கு அனுப்பிய துண்டுக் காட்சியைப் பார்த்தேன். நீ அதை எனக்காக அனுப்பவில்லை. அவளும் எனக்குக் காட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பின்மேல் போனைச் சாய்த்து, என் தட்டுக்கு நேரே ஓடவிட்டுவிட்டு அவள் துணி காயப்போடப் போனது தற்செயல். அப்படியே வைத்துக்கொள்வோம்.

அம்மாவும் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "படத்துல வர்ற இந்த அம்மா ஏன் என்னை மாதிரியே காலை இழுத்து இழுத்து நடக்கிறா? பார்த்துச் செய்ய வேற ஆளே கிடைக்கலையா உன் தங்கச்சிக்கு?" என்று கேட்டாள். கோபம் போலச் சொன்னாளே தவிர, மறுபடி போடச் சொன்னாள். முட்டிவலி தேவலை. தைலம் வாங்கி அனுப்பாதே, அலமாரியில் ஏற்கெனவே ஒரு கடையே இருக்கிறது.

காட்சிக்கு வருகிறேன். மின்சாரம் போன அடுக்குமாடிக் கட்டடம். கோபித்துக்கொண்டு போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கும் பையனைத் தேடி ஒரு தாய் இறங்கி வருகிறாள். குனிகிறாள், தூக்குகிறாள், மேலே ஏறுகிறாள். ஒரு வார்த்தைகூட இல்லை. அவளுடைய நடையும் குனியும்போது ஒரு கையால் சுவரைப் பிடிப்பதும் உன் கைவேலை. குறை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு உச்சியில் ஏன் என்னைப்போல இரண்டு சுழி, யாரைப் பார்த்து அவனைச் செய்தாய் என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை.

அவள் இறங்கும்போது கூடவே ஒரு மெல்லிய வெளிச்சமும் இறங்குகிறது. அது நம்முடைய பழைய வழி. விளக்கை அவள் இடுப்போடு கட்டி, ஒரு நூல் பின்தங்கி வரவிடுவோம். தலையோடு கட்டினால் அவள் அசையும்போதெல்லாம் வெளிச்சமும் ஆமாம்சாமி போடும். எதன்மேல் விழ வேண்டும் என்று கணினியில் விளக்குக்குக் கொடுக்கும் பெயர் வரிசையில் அவளை மட்டும் சேர்ப்போம். சுவரையும் சேர்த்தால், யாரோ டார்ச்சோடு பின்னால் வருகிறார்கள் என்று குட்டு உடைந்துவிடும். உங்கள் ஆட்கள் இதையெல்லாம் ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். யாரிடமிருந்து வந்த வித்தை என்று யாராவது விசாரித்தார்களா தெரியவில்லை.

போன படத்தின் முடிவில் பெயர்கள் ஓடியபோது தயாரிப்பாளரின் நாய்க்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஒலிப்பதிவின்போது குரைக்காமல் இருந்ததற்காம். அந்தப் படத்துக்கு வெளிச்சம் போட்ட நானும்தான் குரைக்காமல் இருந்தேன், என் பெயர்தான் இல்லை. "விட்டுப்போச்சுண்ணா, அடுத்த பிரதியில சேர்த்துடுறேன்" என்றாய். சேர்த்தும் விட்டாய் என்று அம்மா சொன்னாள். அந்தப் பிரதியை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தவறு இதுதான். தாய் பையனைத் தூக்கி மார்போடு அணைக்கிறாள். அவள் முகம் பளிச்சென்று இருக்கிறது. பையன் அட்டைக்கரியாக இருக்கிறான். விளக்கின் வரிசையில் அவன் இல்லை, அதனால் கைக்குள் இருந்தும் அவன்மேல் வெளிச்சம் விழவில்லை. அவள் தன் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் இல்லை, இருட்டில் ஒரு துளையைத் தூக்கி வருவதுபோல் இருக்கிறது. "பையன் மூஞ்சி எங்கடா?" என்று அம்மாவே கேட்டுவிட்டாள்.

நான் இப்போது வீடு விற்பவர்களின் விளம்பரத்துக்கு வேலை செய்கிறேன். சோபாவுக்கு வெளிச்சம் போடுகிறேன். சோபா எங்கும் போகாது, அதனால் விளக்கும் சொன்ன இடத்தில் நிற்கும். மாதத்தில் பாதி நாள் கொட்டாவிதான். நேற்று மத்தியான இடைவேளையில் ஒரு பெரிய உருளை, ஒரு சின்ன உருளை, நாலு படி என்று கணினித் திரையில் வைத்து உன் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன சார், உங்க சோபா மாடி ஏறுது?" என்றாள். சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவள்தான் பயந்துபோனாள்.

தாயின் விளக்கில் பையனைச் சேர்த்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் ஒரே நொடியில் அவன்மேல் சுவிட்ச் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் அதே விளக்குக்கு ஒரு நகல் எடுத்து, அதே இடத்தில் கட்டி, அதில் பையனை மட்டும் சேர். ஒன்றுமில்லாத அளவிலிருந்து மெல்ல ஏற்று. அவன் தலையின் நிழல் அவள் கழுத்தில் விழட்டும். அப்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் தொடுவது தெரியும்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் ரொம்ப நேரம் திண்டாடினேன். அவள் கை படும் இடத்தில் வைத்தால், பாவம் பார்த்து விளக்குக் காட்டுவதுபோல் இருக்கிறது. தூக்கிய பிறகு வைத்தால் காலம் கடந்துவிடுகிறது. நீ செய்திருப்பதை மறுபடி பார்த்தேன். அவள் கடைசிப் படிக்கு வரும்போது அவன் முகவாயை முழங்காலிலிருந்து கொஞ்சம் தூக்குகிறான். யாரும் கவனிக்காத அசைவு. அங்கே தொடங்கு. அவன் ஏறிட்டுப் பார்க்கட்டும், பிறகு வெளிச்சம் வரட்டும். அந்த அளவுக்காவது அந்தப் பையன் செய்யத்தான் வேண்டும்.

உங்கள் ஆட்களுக்கு இது பிடிபடவில்லை என்றால் அண்ணியிடம் சொல். சனி, ஞாயிறுகளில் சோபாக்களுக்கு விடுமுறை.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். படம் நன்றாக வரும். நீயும் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு.

கீழே பெயர் போடவில்லை. உன் அண்ணி எட்டிப் பார்த்து, "மொட்டைக் கடுதாசியா? யாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். அவளுக்குத் தெரியும் என்றேன். இத்தனை நாள் ஒரு பெயருக்காக மல்லுக்கு நின்றவன், இந்த ஒரு காகிதத்தில் அது இல்லாமலே இருந்து பார்க்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டேன். மாலைத் தபால் எடுப்பதற்குள் இப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.