மயூரியின் முழங்கால்

ஞாயிறு, 5 பெப்ரவரி 2006

காலை ஐந்தரை. கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. பழைய பஸ் பாஸால் சுரண்டினேன். தோர்ண்டன் ஹீத்தில் மயூரியை ஏற்றிக்கொண்டு ஐஸில் சறுக்கும் ரிங்குக்கு.

இன்று சுவிஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சாம்பல் நிறக் கோட், சின்னக் குறிப்புப் புத்தகம். சம்பளமும் அறையும் தந்து பெண்களை ஐஸ் ஹொக்கி விளையாட வைக்கும் அணிக்கு ஆள் தேடுகிறார். இங்கே நாங்கள் கைக்காசு கொடுத்து விளையாடுகிறோம். பார்க்க வந்தது எங்கள் இருவரையும். ஆறு வருடமாக நானும் மயூவும் டிஃபென்ஸில் ஜோடி.

பயிற்சி முடிந்ததும் மயூவோடு இருபது நிமிடப் பேச்சு. எனக்குக் கை குலுக்கல்.

அவள் சுவிஸில் பிறந்தவள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்திலேயே ஐஸில் இறக்கிவிட்டார்களாம். நான் பதினாலு வயதில், யாரோ வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு. என் முதல் ஸ்கேட் யாரோ கழித்தது, ஒரு சைஸ் பெரிசு, மூன்று சோக்ஸ் போட்டுச் சமாளித்தேன். அந்த ஒன்பது வருட வித்தியாசத்தை எந்தப் பயிற்சியில் பிடிப்பது?

வீடு வரும் வழியில் "என்ன கதைச்சவர்?" என்று நானாகக் கேட்டேன்.

"சும்மாதான்."

சும்மா கதைக்க இருபது நிமிடமா?

செவ்வாய், 7 பெப்

மழை. வேலை. (குரோய்டனில் மருந்துக்கடைக் கவுண்டர். இருமல் மருந்துக்கு நீண்ட வரிசை.)

கோச் டெபி போன் பண்ணினாள். மயூவைத்தான் எடுத்திருக்கிறார்கள். மார்ச் முதல் கிழமை அங்கே போய் டாக்டர் பரிசோதனை, அதில் தேறினால் கையெழுத்து. "உனக்குத் தெரியும்தானே?" என்றாள். தெரியும் என்றேன்.

பிறகு மயூவிடம் கேட்டேன். "குறை நினையாதையடி. கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு அம்மா சொன்னவ. கண் படுமாம்."

ஒருத்தருக்கும் என்றால் யார்? அவளுக்கு இந்த ஊரில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? ஆக, அந்தக் கண் நான்தான்.

வயிறு எரிகிறது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. கடையில் மாத்திரை எடுத்துப் போட்டேன்.

ஞாயிறு, 12 பெப்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

மாட்ச். கடைசிப் பகுதி. மயூ மூலையில் பக்கை, அந்த ரப்பர் வட்டை, தோண்டி எடுக்கிறாள், முதுகு வெளிப்பக்கம். அப்படி நிற்பவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது ஜோடியின் வேலை. நாங்கள் தமிழில்தான் கத்துவோம். "பின்னாலை!", "விடு!", "இஞ்சை!" எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. ஆறு வருடமாக எங்கள் பெரிய ஆயுதம் அது.

பெரிய உடம்புக்காரி ஒருத்தி வருவதைக் கண்டேன். கத்தினேன். பிந்திக் கத்தினேன். அந்தப் பெண் இடித்து மயூ சுவரோடு மோதி விழுந்தாள்.

முழங்கால். இரண்டு பேர் தாங்கித் தூக்கிப் போனார்கள்.

எவ்வளவு பிந்தியது? அரை விநாடி இருக்கும். மூச்சு வாங்கியதாலா, வேண்டுமென்றா? சத்தியமாகத் தெரியவில்லை. அவள் விழுந்தபோது முதலில் எனக்குள் வந்தது பயம் இல்லை, சந்தோசம். ஒரு கணம்தான். ஆனால் அதுதான் முதலில் வந்தது.

புதன், 15 பெப்

முழங்காலில் ஜவ்வு இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை. இரண்டு மூன்று கிழமையில் சரி வரலாம், வராமலும் போகலாம்.

டெபி: மயூ பரிசோதனையில் தேறாவிட்டால் என்னை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்து வைக்கச் சொன்னாள்.

பார்த்தேன். 2009 வரை இருக்கிறது.

மயூவுக்கு முழங்கால் பட்டி எடுத்துப் போனேன், ஊழியர் கழிவில். சரியான சைஸ்தான் எடுத்தேன். இதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, பார்.

புதன், 22 பெப்

காற்று. ஷிப்ட் முடிந்து மயூ வீடு. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அன்ரி (மயூவின் அம்மா) என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா.

"பிள்ளை, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதெண்டு சும்மாவே சொன்னவை? இது கண்ணூறுதான். கழிக்க வேணும். அதுக்குக் காலடி மண் வேணும்."

"ஆற்ரை காலடி அன்ரி?"

"அங்கை ஆர் ஆர் அவளோடை நிண்டவையோ, அவையின்ரை."

ரிங்கில் மண் எங்கே? அன்ரியும் அதை யோசித்து வைத்திருந்தா. ஸ்கேட்டில் ஒட்டும் ஐஸ்தூள் போதுமாம். வெறும் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தா.

"எல்லாரின்ரையும் எடு. உன்ரையும் கொஞ்சம் போடு பிள்ளை. குறை நினையாதை."

குறை நினைக்க என்ன இருக்கிறது. ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறா.

வாங்க வேண்டியவை: பால், ஸ்டிக்குக்குச் சுற்றும் டேப், அம்மாவின் பிறஷர் குளிசை.

ஞாயிறு, 26 பெப்

காலைப் பயிற்சி. மயூ ஊன்றுகோல் இல்லாமல் வந்து பெஞ்சின் அந்தத்தில் இருந்தாள். நான் ஐஸ்கிறீம் பெட்டியோடு வாசலில் குந்திக்கொண்டு, வெளியே வருகிறவர்களின் ஸ்கேட் அலகிலிருந்து ஐஸ்தூளை விரலால் வழித்தேன். "தமிழ் மருந்து" என்றேன். சிரித்துச் சிரித்துக் காலை நீட்டினார்கள். பதின்மூன்று பேர். கோல்கீப்பர் இரண்டு காலையும் தந்தாள்.

கடைசியில் என்னுடையது. துவாயை எடுத்து அலகைத் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். பெட்டியை மூடினேன்.

ஏன்? கண்ணூறில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவள் போட்டிருக்கலாமே. போட்டுக் கழித்து அவள் சுகமாகிவிட்டால் என்ன செய்வது என்றுதான் துடைத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

பெட்டி பகல் முழுக்க அன்ரியின் ஃபிரீசரில், மீனுக்கும் ரொட்டிக்கும் நடுவில். விளக்கு வைக்கிற நேரம் கழிப்பு. மயூ கதிரையில், கிழக்குப் பார்த்து. செத்தல் மிளகாய், கல்லுப்பு, ஐஸ்தூள். அன்ரி மூன்று தரம் சுற்றினா. "கண்ட கண், காணாத கண், எல்லாம் பொசுங்கிப் போகட்டும்." ஐஸ்தூள் உருகி மயூவின் தலையில் சொட்டியது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மிளகாயை அடுப்பில் போட்டதுதான் தாமதம், அப்படி ஒரு நெடி. மூன்று பேரும் குக்குக்கென்று இருமினோம். புகை அலாரம் கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது கணக்கு.

"பாத்தியே," என்றா அன்ரி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "ஒருத்தற்ரை கண்ணும் இல்லை. உன்னைக்கூட நான் ஒரு மாதிரி நினைச்சுப் போட்டன் பிள்ளை. மன்னிச்சுக்கொள்."

என் தலையைத் தடவினா. புட்டும் மீன்குழம்பும் தந்தா. சாப்பிட்டேன்.

வெள்ளி, 3 மார்ச்

நுவரெலியாக் குளிர். வேலையில் ஒன்றுக்கு இரண்டாகச் சில்லறை கொடுத்து மனேஜரிடம் பேச்சு வாங்கினேன்.

பின்னேரம் மயூவின் எஸ்.எம்.எஸ்: "தேறிட்டன். கையெழுத்துப் போட்டாச்சு."

"சந்தோசம்" என்று அடிக்க மூன்று தடவை எடுத்தது. முதல் இரண்டையும் அழித்தேன்.

ஞாயிறு, 5 மார்ச்

வெயில் மாதிரி ஒன்று. மயூ சொக்கிலேட்டோடு வந்தாள். உடை மாற்றும் அறையில் எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள். நானும். எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அண்டைக்கு நீ உன்ரை ஸ்கேட்டைத் துடைச்சனி. நான் பாத்தனான்."

ஸ்கேட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"அம்மாட்டைச் சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னா அவ உன்னை வீட்டுக்கை எடுக்கமாட்டா. ஓகஸ்டில நான் போனாப் பிறகு அவவை வந்து பாக்க உன்னை விட்டா ஆர் இருக்கினம்? ஞாயிறு பயிற்சி முடிஞ்சு ஒருக்கா எட்டிப் பாப்பியே?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல ஏலும்?

அரை விநாடியைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரிந்துதான் கேட்காமல் விட்டாளோ? ஸ்கேட்டிங்கில் முந்தினாள், பக்கில் முந்தினாள், இப்போது பெருந்தன்மையிலும் முந்திவிட்டாள். அதுக்கும் பொறாமைப்படுகிறேன், என்ன பிறவியோ நான்.

ஞாயிறு, 12 மார்ச்

தூறல். மாட்ச். மயூவின் முழங்காலைப் பத்திரமாக வைக்கச் சொல்லி சுவிஸ் அணியின் உத்தரவாம், இந்த சீசனில் இனி விளையாடமாட்டாள். எனக்குப் புது ஜோடி, ஜெம்மா. பத்தொன்பது வயது, கென்ட் பிள்ளை, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

இரண்டாம் பகுதியில் ஜெம்மா மூலையில், முதுகு வெளிப்பக்கம். பின்னால் ஒருத்தி வருவதைக் கண்டேன். கண்டவுடனே கத்தினேன், தொண்டை கிழிய. "பின்னாலை!"

பெஞ்சிலிருந்த மயூ மட்டும் திரும்பிப் பார்த்தாள்.