அவள் எழுந்து போகும் நேரங்கள்

மார்ச் 4
என் ஜூனியரைத் துறைத்தலைவராக்கிவிட்டது கல்லூரி. மாலையில் மச்சினியும் சகலையும் வந்திருந்தார்கள். அந்தப் புதுத் தலைவர் நாற்காலியில் உட்காரும் தோரணையை நடித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு பாதியில் எழுந்து போனாள். மகள் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். நான் பேசி நாலு பேர் சிரித்தால் இவளுக்குப் பொறுக்காது.

மார்ச் 19
துறை விருந்து. நான் பேசுகிறேன், வா என்று இவளை அழைத்தேன். தலைவலியாம். பக்கத்து நாற்காலி காலி. புதுத் தலைவர், “மேடம் வரலையா சார்?” என்றார், ரொம்ப அக்கறையாக. இந்த ஒரு கேள்விக்காகவே அவரை மன்னிக்க மாட்டேன். இவளையும்தான்.

மார்ச் 20
காபியை நானே போட்டுக் குடித்தேன்.

மார்ச் 27
இவளுக்கு ஜலதோஷம். தும்மியவள் அப்படியே நின்றுவிட்டாள். சேலையில் ஈரம். தண்ணீர் கொட்டிவிட்டது என்றாள். கையில் தம்ளர் இல்லை.
பிறகுதான் சொன்னாள். பிரசவத்திலிருந்தே இருக்கிறதாம். தும்மினால், சிரித்தால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசியும். மாதவிலக்கு நின்றபின் அதிகமாம். மச்சினிக்கு எல்லாம் தெரியுமாம்.
“அவகிட்ட சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?”
“உங்ககிட்ட சொன்னா அதையும் நாலு பேர் முன்னாடி நடிச்சுக் காட்டுவீங்க.”
கட்டின புருஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? நான் அப்படிச் செய்வேனா?

ஏப்ரல் 6
மகளிர் மருத்துவர் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். மச்சினி ஏதோ வீடியோ பார்த்துக் கற்றுக்கொடுத்தபடி, மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டிருந்தாளாம் இவள். அது தசைகளைக் கீழேதான் தள்ளுமாம். மச்சினி சொன்னது தப்பு — இந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி.
சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல், இடுப்பின் அடியில் இருக்கும் இடுப்புத் தளத் தசைகளை உள்ளே, மேலே இழுக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். தும்மல் வருமுன் இறுக்கிக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் முடியாதா என்றேன். “முதல்ல இதை ஒழுங்கா செய்யட்டும் சார்,” என்றாள் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண், கடைசி பெஞ்சுக்காரனிடம் பேசுவதுபோல.

ஏப்ரல் 21
அடுப்படியில் நின்றபடியே பயிற்சி செய்கிறாளாம். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே செய்கிறாயா என்றேன். முறைத்தாள்.

ஜூன் 10
பிள்ளை பெற்றிருக்கும் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “பிள்ளை பெத்தா இப்படித்தான்னு எங்கம்மா சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். நீ இப்பவே டாக்டர்கிட்ட கேட்டுப் பயிற்சியை ஆரம்பி. வயசானாலும் விட்டுடாதே.” மகள் என்னவோ கேட்டாள். “அப்பாவா? இங்கதான் ஒட்டுக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”
என் வீட்டில் நான் உட்காரக் கூடாதா?

ஆகஸ்ட் 2
துறைக் கூட்டத்தில் புதுத் தலைவரின் சுழல் நாற்காலி, அவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்ல இறங்கி அவரை மேசைக்குக் கீழே கொண்டுபோனது. கடவுள் இருக்கிறார்.
மச்சினியும் சகலையும் வந்ததும் நடித்துக் காட்டினேன். என் கண் இவள் மேல்தான் இருந்தது. ஒரு கணம், தும்மல் வருமுன் இறுக்கிக்கொள்வாளே அதுபோல, கவனம் எங்கோ உள்ளே போனவள்போல் இருந்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
எழுந்திருக்கவில்லை.
பழைய ஜோக் என்றாள் மச்சினி. அவளை யார் கேட்டார்கள்? நாற்காலி இறங்கியதை இன்னொரு தடவை செய்து காட்டினேன்.